வாசகர் கேள்வி – பதில்: செடி விளக்குக்கு இரும்புச் சோக்கா, டிஜிட்டல் பேலஸ்ட்டா?

வீட்டுக்குள்ளும் கடைவீட்டு மாடியிலும் விளக்கொளியில் கீரை வளர்ப்பவர்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பெருகியிருக்கிறார்கள் என்பதை இம்மாதம் வந்த கடிதங்களே காட்டுகின்றன. விளக்குக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பேலஸ்ட்டை (இரும்பில் செய்த பழைய வகையைச் சோக் என்பார்கள்) பற்றிய கேள்விகளை மட்டும் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஐயா, வணக்கம். பட்டணத்தில் எங்கள் கடைவீட்டின் மாடியில் ஓர் அறையை ஒழித்துச் சாலட் கீரையும் புதினாவும் நீர்வளர்ப்பு முறையில் பயிரிட்டு வருகிறோம். சன்னல் ஒன்றுதான் இருப்பதால் வெளிச்சம் போதவில்லை. மூடப்பட்ட ஒரு நாற்றங்காலிலிருந்து 400 வாட் சோடியம் விளக்கு இரண்டு, பிரதிபலிப்பானோடு மலிவாகக் கிடைத்தன. பேலஸ்ட் மட்டும் இல்லை. ஈப்போவில் ஒரு கடைக்காரர், இரும்புச் சோக் பழைய காலத்துப் பொருள், டிஜிட்டல் பேலஸ்ட் போட்டால் மின்கட்டணத்தில் 30 விழுக்காடு மிச்சமாகும் என்கிறார். எங்கள் வயர்மேனோ, டிஜிட்டல் ஓர் இடிக்குத் தாங்காது, சோக்தான் நிற்கும் என்கிறார். விலையில் பெரிய வேறுபாடு இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கடைக்காரர் சொன்ன 30 விழுக்காட்டை முதலில் தள்ளி வையுங்கள். வயர்மேன் சொன்னதில் உண்மை அதிகம். ஆனால் அவரும் பாதிக் காரணத்தைத்தான் சொல்லியிருக்கிறார்.

சோடியம் விளக்கு, இழை சூடாகி எரிகின்ற பல்ப் அன்று. அதன் உட்குழாயில் இருக்கும் வாயுவின் ஊடே மின்வில் ஒன்று பற்றிக்கொண்டு எரிகிறது. மின்னோட்டம் கூடக்கூட அந்த வில்லின் தடை குறையும். தடை குறையக் குறைய மின்னோட்டம் இன்னும் கூடும். இடையில் பிடித்து நிறுத்த ஒன்று இல்லையென்றால் பியூஸ் போகும் அல்லது விளக்கு வெடிக்கும். அப்படிப் பிடித்து நிறுத்துவதுதான் பேலஸ்ட்டின் வேலை. இரும்புத் தகடுகளின் மேல் செம்புக் கம்பியைச் சுற்றிய சோக் அந்த வேலையைக் காந்தப்புலத்தால் செய்கிறது. டிஜிட்டல் பேலஸ்ட், வரும் மின்சாரத்தை முதலில் நேர்மின்னாக்கி, பிறகு டிரான்சிஸ்டர்களால் வேறோர் அதிர்வெண்ணுக்கு மாற்றி, அளந்து விளக்குக்குக் கொடுக்கிறது.

மிச்சக் கணக்குக்கு வருவோம். 400 வாட் சோடியம் விளக்குக்கான நல்ல சோக் தன்னளவில் சுமார் 40 வாட்டை வெப்பமாக விரயம் செய்யும். நல்ல டிஜிட்டல் பேலஸ்ட் சுமார் 20 வாட்டை விரயம் செய்யும். ஆக, விளக்கும் சோக்கும் சேர்ந்து இழுக்கும் 440 வாட்டில், சோக்கின் பங்கு ஏறத்தாழ 9 விழுக்காடுதான். துளியும் விரயமே செய்யாத பேலஸ்ட் ஒன்றை யாராவது கண்டுபிடித்தாலும் உங்களால் 9 விழுக்காட்டுக்கு மேல் மிச்சம் பிடிக்க முடியாதபோது, 30 விழுக்காடு எங்கிருந்து வரும்? ஒரு விளக்குக்கு 20 வாட் வேறுபாடு, நாளுக்கு 12 மணி நேரம், மாதம் 30 நாள் என்று பெருக்கினால் 7.2 யூனிட். யூனிட்டுக்கு 45 சென் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால் இரண்டு விளக்குக்கும் சேர்த்து மாதம் ஆறரை ரிங்கிட்டுக்குள் அடங்கிவிடும். அந்த ஆறரை ரிங்கிட்டைக் கொண்டு விலை வேறுபாட்டை ஈடுகட்ட எத்தனை மாதம் ஆகும் என்பதைக் கடைக்காரரின் விலைச்சீட்டை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இணையத்தில் காணும் ஒப்பீடுகள் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்தவை என்பதையும் மனத்தில் வையுங்கள். அங்கே வீட்டு மின்னழுத்தம் 120 வோல்ட். அதை ஏற்றிக் கொடுக்கும் மின்மாற்றி வகைப் பேலஸ்ட் அங்கே தேவைப்படுகிறது. அதன் எடையும் அதிகம், விரயமும் அதிகம். நம் நாட்டு 230 வோல்ட்டுக்கு விளக்கோடு தொடராக இணைக்கும் எளிய சோக்கே போதும். அங்குள்ள இரும்புப் பேலஸ்ட்டைப் பழித்து எழுதியதை இங்குள்ள சோக்கின் தலையில் கட்டுவது முறையன்று.

பணக் கணக்கு இவ்வளவு சிறியது என்றால், எதை வைத்து முடிவு செய்வது? உங்கள் இடத்துக்கு மூன்று காரியங்கள் முக்கியம் என்று நினைக்கிறேன்: வெப்பம், மின்னல், பழுது பார்ப்பது.

கடைவீட்டு மாடி என்றால் மேலே துத்தநாகக் கூரையோ ஓடோ இருக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கே நிற்க முடியாது. டிஜிட்டல் பேலஸ்ட்டுக்குள் இருக்கும் மின்பகு கெப்பாசிட்டர்கள் வெப்பத்துக்கு மிகவும் அஞ்சுபவை. 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் பொதுக் கணக்கு. குளிர்நாட்டு நிலவறையில் பல ஆண்டு ஓடும் ஒரு பெட்டி, நம் ஊர்க் கூரையடியில் அதே ஆயுளைத் தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சோக்குக்கும் எல்லை உண்டு. ஆனால் அது தாராளமானது. சோக்கின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள்: டி.டபிள்யூ 130 என்று அச்சிட்டிருந்தால், அதன் கம்பிச்சுருள் 130 டிகிரி வெப்பத்தில் இடைவிடாது 10 ஆண்டு உழைக்கும்படி சோதிக்கப்பட்டது என்று பொருள். தொட்டால் கை சுடுகிறதே என்று பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் இருக்கும். மரப்பலகையின் மேலோ கித்தான் துணிக்கு அருகிலோ வைக்காமல் இருந்தால் போதும்.

மின்னலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளுள் ஒன்றில் வாழ்கிறோம். அதிலும் மலையடிவாரத்துப் பேராக் ஊர்களில் பிற்பகல் இடி அன்றாடக் காட்சி. கம்பி வழியாக வரும் மின்னெழுச்சியில் செம்பும் இரும்பும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். விளக்கைப் பற்றவைக்கும் இக்னைட்டர் போனால் அதை மட்டும் மாற்றலாம். டிஜிட்டல் பெட்டியில் டிரான்சிஸ்டர் போனால் பெட்டியே போனது போலத்தான். மெயின் பெட்டியில் மின்னெழுச்சித் தடுப்பானைப் பொருத்தினால் ஆபத்து குறையும்; டிஜிட்டல் வாங்குவதானால் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள். நம் ஊரில் பல்லியும் எறும்பும் வெதுவெதுப்பான பெட்டியைத் தேடி உள்ளே போய்விடுவதும் சாதாரணம். காற்றுத் துளையுள்ள டிஜிட்டல் பெட்டிக்கு இதுவும் ஓர் எமன்.

பழுது பார்ப்பதில் சோக்குக்கு நிகரில்லை. அது சோக், இக்னைட்டர், கெப்பாசிட்டர் என்று மூன்று தனித்தனிப் பாகங்கள். தெருவிளக்குக்கும் தொழிற்சாலைக் கூடத்துக்கும் நெடுங்காலம் பயன்பட்டவை என்பதால் ஈப்போவின் மின்பொருள் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். எல்.இ.டி. வந்த பிறகு இவற்றின் வரத்து குறைந்து வருகிறது. ஆகவே இக்னைட்டர் ஒன்றைக் கூடுதலாக வாங்கிக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே உங்கள் இரண்டு விளக்குக்கும் சோக்கே போதும் என்பது என் முடிவு. ஆனால் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, 400 வாட் சோடியம் என்று தெளிவாகக் குறிக்கப்பட்ட சோக்காக இருக்க வேண்டும். 250 வாட் விளக்குக்கானதும் 600 வாட்டுக்கானதும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கலாம். ஆனால் ஒன்றுக்கு ஒன்று மாற்றுப் பொருள் அல்ல. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. சில சோக்குகளில் 220, 230, 240 என்று தனித்தனி இணைப்பு முனைகள் இருக்கும். நம் நாட்டின் அதிகாரபூர்வ மின்னழுத்தம் 2008 முதல் 230 வோல்ட். 10 விழுக்காடு மேலும் 6 விழுக்காடு கீழும் போகலாம், அதாவது 216 முதல் 253 வரை. நடைமுறையில் பல வீடுகளில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 240-ஐ ஒட்டியே காட்டும். அப்படிப்பட்ட இடத்தில் 220 முனையில் இணைத்துவிட்டால் விளக்கு அளவுக்கு மேல் எரிந்து சீக்கிரம் கெட்டுப்போகும். மாறாக, மின்னழுத்தம் 5 விழுக்காடு தாழ்ந்தால் விளக்கின் ஆற்றல் 10 விழுக்காட்டுக்கு மேலும் தாழலாம். இந்த ஏற்ற இறக்கத்தைத் தானே சரிசெய்துகொள்வது டிஜிட்டலின் உண்மையான சிறப்பு. மாலை நேரத்தில் ஊரெல்லாம் விளக்கு மங்கும் இடத்தில் இருப்பவர்கள் இதற்காகவே டிஜிட்டலை நாடலாம்.

மூன்றாவது, கெப்பாசிட்டர். 400 வாட் சோடியம் விளக்குக்கு 45 அல்லது 50 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் சேர்ப்பார்கள். அது இல்லாவிட்டாலும் விளக்கு எரியும் என்பதால் சிலர் அதை விட்டுவிடுகிறார்கள். வீட்டு மீட்டர் உண்மையான யூனிட்டை மட்டுமே கணக்கிடுவதால் பில்லில் வேறுபாடு தெரியாது, கம்பிக்குத் தெரியும். கெப்பாசிட்டர் இருந்தால் விளக்கு ஒன்றுக்குச் சுமார் 2 ஆம்பியர் ஓடும். இல்லாவிட்டால் நாலரை ஆம்பியர். இரண்டு விளக்குக்கும் 9 ஆம்பியர், அதுவும் 12 மணி நேரம், பழைய கடைவீட்டுக் கம்பியில் ஓடினால் பிளக்கின் முனை பழுப்பேறிவிடும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், உடனே திறந்து கை வைக்காதீர்கள்.

சாதாரண டைமரின் வழியாக இந்த விளக்குகளை நேரடியாக ஏற்றி அணைக்கவும் கூடாது. ஏற்றும் கணத்தில் பாயும் மின்னோட்டத்தில் டைமரின் உள்முனைகள் ஒட்டிக்கொண்டுவிடும். பிறகு விளக்கு அணையவே அணையாது. டைமர், பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்சான காண்டாக்டரை இயக்கட்டும், காண்டாக்டர் விளக்கை இயக்கட்டும். இந்த வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். உங்கள் வயர்மேன் இதை அறிந்தவராகவே தெரிகிறார்.

அறை வெப்பத்துக்கு ஒரு யோசனை. பேலஸ்ட்டை நடைவழிச் சுவரில் இரும்புப் பெட்டிக்குள் பொருத்தினால் அறையிலிருந்து 80 வாட் குறையும். விளக்குகளின் 800 வாட் அப்படியே இருக்கும்; அது 1 குதிரைத்திறன் குளிர்சாதனத்தின் குளிரூட்டும் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். வெப்பம் கூடினால் சாலட் கீரை கசந்து, தண்டு நீண்டு, பூக்கத் தொடங்கும். உங்கள் அறைக்குப் பகல் வெளிச்சம் அதிகம் வருவதில்லை என்பதால், மாலை ஏழு மணி முதல் காலை ஏழு மணி வரை விளக்கை எரியவிட்டுப் பகலில் செடிக்கு ஓய்வு கொடுங்கள். இரவின் குளுமை இலவசம். சோக்கைத் தள்ளிப் பொருத்தினாலும் இக்னைட்டரை விளக்கின் அருகிலேயே வையுங்கள். சில வகைகளுக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் எல்லை.

விளக்கும் இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறவராக நீங்கள் இருந்திருந்தால் எல்.இ.டி. வாங்குங்கள் என்றே எழுதியிருப்பேன். அதே மின்சாரத்துக்குச் செடி பயன்படுத்தும் ஒளியை 400 வாட் சோடியத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு தரும் எல்.இ.டி.கள் இன்று கிடைக்கின்றன. இருக்கிற விளக்கைத் தூக்கியெறியச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: லயத்து வீட்டின் பின்கட்டில் தட்டு அடுக்கி, 36 வாட் குழல் விளக்கு பத்துப் போட்டு, கடுகுக் கீரை நாற்றும் முளைக்கீரையும் வளர்க்கிறேன். எல்லாம் பழைய சோக், ஸ்டார்ட்டர் வகை. மாற்ற வேண்டுமா?
– வாசகி, சுங்கை சிப்புட் தோட்டப்புறம்

பதில்: மாற்றுங்கள், அம்மா. முந்தைய பதிலுக்கு நேர்மாறாகச் சொல்கிறேனே என்று திகைக்க வேண்டாம். குழல் விளக்கை 20,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட அதிர்வெண்ணில் எரித்தால், அதே ஒளிக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்த மின்சாரம் போதும்; அது அந்த விளக்கின் இயல்பு. சோடியம் விளக்குக்கு அந்த இயல்பு இல்லை. குழல் விளக்கின் புகழைக் கொண்டுபோய்ச் சோடியத்துக்குச் சூட்டுவதால்தான் கடைகளில் அந்த 30 விழுக்காட்டுக் கதை உலவுகிறது.

உங்கள் குழல் ஒன்று சோக்கோடு சேர்ந்து சுமார் 45 வாட் இழுக்கும். மின்னணுப் பேலஸ்ட்டில் 36 வாட்டளவில் நின்றுவிடும். பத்துக் குழலுக்கு 90 வாட் மிச்சம். நாளுக்கு 14 மணி நேரம் எரித்தால் மாதம் ஏறத்தாழ 38 யூனிட், அதே 45 சென் கணக்கில் 17 ரிங்கிட். டி5 என்னும் மெல்லிய குழல்கள் தொடக்கத்திலிருந்தே மின்னணுப் பேலஸ்ட்டுக்காக வடிவமைக்கப்பட்டவை. அவற்றைப் பழைய சோக்கில் இணைக்க வேண்டாம். எல்.இ.டி. குழல் வாங்கினால் அதனோடு வரும் வயரிங் படத்தை வயர்மேனிடம் காட்டுங்கள். சோக் உள்ள விளக்குச் சட்டத்துக்கென்று செய்த எல்.இ.டி. குழலை மின்னணுப் பேலஸ்ட் உள்ள விளக்குச் சட்டத்தில் செருகக் கூடாது.

கேள்வி: நான்கு டிஜிட்டல் பேலஸ்ட் வைத்திருக்கிறேன். மூன்று ஏற்றும்வரை ஒன்றுமில்லை. நான்காவதை ஏற்றினால் இ.எல்.சி.பி. (மின்கசிவு கண்டால் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. பேலஸ்ட்டைக் கடையில் கொடுத்துச் சோதித்தேன், பழுதில்லை என்றார்கள். நில இணைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டால் சரியாகும் என்று நண்பர் சொல்கிறார்.
– வாசகர், கோலகங்சார்

பதில்: கழற்றாதீர்கள். ஈரத்தரையும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள இடத்தில் உங்கள் உயிரைக் காக்கும் கம்பி அது.

டிஜிட்டல் பேலஸ்ட்டுக்குள் மின்னிரைச்சலை அடக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது தன் இயல்பிலேயே சிறிதளவு மின்னோட்டத்தை நிலக்கம்பிக்குள் கசியவிடும். ஒரு பெட்டிக்கு ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் என்பது பழுதன்று. இ.எல்.சி.பி. தன்மேல் குறித்த அளவின் பாதியைத் தாண்டியதுமே விழலாம். குளியலறை நீர்ச்சூடேற்றிக்காகப் போட்ட 10 மில்லி ஆம்பியர் இணைப்பிலிருந்து நீங்கள் மின்சாரம் எடுத்திருந்தால், நான்கு பெட்டியின் கசிவும் கூடி அதை வீழ்த்துவதில் வியப்பில்லை. வயர்மேனை அழைத்துக் கசிவை அளக்கச் சொல்லுங்கள்; இயல்பான கசிவுதான் என்று உறுதியானால், விளக்குகளை இரண்டிரண்டாகப் பிரித்துத் தனித்தனி இ.எல்.சி.பி.யில் இணைக்கலாம். ஒரு பெட்டி மட்டும் மற்றவற்றைவிட அதிகம் கசியவிட்டால் ஈரம் உள்ளே போயிருக்கலாம்.

கேள்வி: பக்கத்து வீட்டில் டிஜிட்டல் பேலஸ்ட் வைத்த நாளிலிருந்து மாலையானால் எங்கள் வானொலி கரகரக்கிறது, மின்கம்பி வழியாக இணையம் தரும் அடாப்டரும் தடுமாறுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: உண்டு என்றே தோன்றுகிறது. பேலஸ்ட்டிலிருந்து விளக்குக்குப் போகும் கம்பி நீளமாக இருந்தால் அதுவே ஓர் அலைபரப்பியாகிவிடும். கம்பியைக் குறுக்கி, கவசமிட்ட வகையாக மாற்றி, ஃபெரைட் வளையம் மாட்டச் சொல்லுங்கள். வடிகட்டியே இல்லாத மலிவுப் பெட்டி என்றால் இவற்றால் பெரிய பயன் இராது, மாற்றத்தான் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டையாகத் தொடங்காமல், அவர் விளக்கை ஏற்றும்போதும் அணைக்கும்போதும் வானொலியை இருவருமாகச் சேர்ந்து கேட்டுப் பாருங்கள். இரும்புச் சோக்குக்கு இந்தக் குற்றம் பெரிதாக இல்லை. அதற்குப் பதில் நொடிக்கு நூறு முறை அதிர்ந்து இரவெல்லாம் முனகும். பொதுச்சுவர் உள்ள வரிசை வீட்டில் அதைச் சுவரில் அறைந்தால் அடுத்த வீட்டுப் படுக்கையறையில் கேட்கும். அடியில் ரப்பர் அட்டை வையுங்கள்.

கேள்வி: மூடிக்கிடந்த ரப்பர் ஆலையிலிருந்து 400 வாட் பாதரச விளக்குச் சோக்குகள் சில கிடைத்தன. அவற்றில் சோடியம் அல்லது மெட்டல் ஹாலைட் விளக்கை எரிக்கலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வாட் எண் ஒன்றாக இருப்பதால் ஏமாறாதீர்கள். 400 வாட் பாதரச விளக்குக்குச் சுமார் 3.25 ஆம்பியர் வேண்டும். சோடியம் விளக்குக்கு 4.6 ஆம்பியர். பாதரசச் சோக்கில் சோடியம் விளக்கை மாட்டினால், பற்றவைக்க இக்னைட்டர் இல்லாததால் பெரும்பாலும் எரியவே எரியாது. இக்னைட்டர் சேர்த்தாலும் மங்கலாகவே எரியும். மெட்டல் ஹாலைட்டில் பாதரசச் சோக்குக்கென்றே செய்த வகை உண்டு. விளக்கின் உறையில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். அதை டிஜிட்டல் பேலஸ்ட்டில் மாட்ட எண்ணினாலும் உறையைப் படித்துவிட்டே மாட்டுங்கள். சில டிஜிட்டல் பேலஸ்ட்டுகளின் அதிர்வெண்ணுக்கு உட்குழாய் வாயு ஒத்து அதிரத் தொடங்கினால், மின்வில் நெளிந்து, ஒளி துடித்து, கடைசியில் குழாயே உடையக்கூடும்.

அந்தச் சோக்குகளோடு கெப்பாசிட்டர்களும் வந்திருந்தால் அவற்றின் வயதைப் பாருங்கள். 1980களுக்கு முந்தைய கெப்பாசிட்டர்களில் பி.சி.பி. என்னும் நச்சு எண்ணெய் இருக்கக்கூடும். உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ வெறுங்கையால் தொடாதீர்கள்; பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடவும் வேண்டாம். சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் போய்ச் சேர வேண்டிய பொருள் அது.